சட்டம் உண்டு, பாடம் எங்கே?

சர்வகலாசாலையில் ஒரு மாணவருக்கு இடத்தைக் கொடுத்துவிட்டுப் பாடத்தைக் கொடாதிருப்பது, விருந்துக்கு அழைத்து இலையும் போட்டுவிட்டுச் சோறு பரிமாறாதிருப்பதற்கே ஒப்பாகும். நமது தேசத்தின் உயர்தரக் கலாசாலைகளில் பயிலும் மாற்றுத்திறனாளி மாணவர்களில் அநேகர் இன்று அந்த வெறும் இலைக்கு முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். சட்டம் அவர்களுக்கென்று இடம் ஒதுக்கியிருக்கிறது. சுப்ரீம் கோர்ட் ஒரு முறையல்ல, பல முறை அவர்கள் பக்கம் நின்று தீர்ப்புக் கூறியிருக்கிறது. ஆயினும், ஆசிரியர் கம்ப்யூட்டர் மூலம் அனுப்பிவைக்கும் பாடக் குறிப்பை ஒரு பார்வையற்ற மாணவி திறந்தால் அது வாய் திறப்பதில்லை. விரிவுரைப் பதிவைச் செவிப்புலன் இல்லாத மாணவர் பார்த்தால் உதடுகள் அசைவதைத் தவிர வேறொன்றும் தெரிவதில்லை. இந்த விபரீதம் நீடிப்பதற்கு நியாயமான காரணம் ஒன்றுகூட இல்லை என்பது நமது திடமான அபிப்பிராயம்.

விஷயத்தின் தன்மையை முதலில் விளக்குவது அவசியம். அச்சுப் புத்தகம் ஒன்றே கதி என்றிருந்த காலத்தில், பார்வையற்ற மாணவர் யாராவது படித்துச் சொல்லக் காத்திருக்க வேண்டியிருந்தது. இல்லையேல் பிரெய்ல் எழுத்தில் புத்தகம் வரும் வரையில் பொறுத்திருக்க வேண்டியிருந்தது. கம்ப்யூட்டர் வந்த பிறகு அந்தத் தடை பெரும்பாலும் நீங்கிவிட்டது. திரையிலுள்ள எழுத்தைக் குரலாக மாற்றிப் படித்துக் காட்டும் சாதனங்கள் இன்று சாதாரணமாகக் கிடைக்கின்றன. ஆஸ்திரேலியாவில் பார்வையற்றவர்களே 2006-ல் உருவாக்கத் தொடங்கிய என்.வி.டி.ஏ. என்னும் சாதனத்தை எவரும் காசு கொடாமலே பெற்றுக்கொள்ளலாம். அதன் மூலம் தமிழையும் கேட்கலாம். எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்க வேண்டியவர், கையால் எலியைப் பிடித்து நகர்த்த முடியாமல் விசைகளைக் கொண்டே வேலை செய்பவர், எழுத்துக்களைக் கூட்டிப் படிப்பதில் இடர்ப்படுபவர் ஆகிய எல்லோருக்கும் இந்த இயந்திரம் உற்ற துணையாக இருக்கக்கூடியது. அச்சடித்த காகிதம் எல்லோருக்கும் ஒரே உருவில் நிற்கும். கம்ப்யூட்டரிலுள்ள பாடமோ அவரவர் தேவைக்கேற்ற உருவை எடுக்கும். அதுவே அதன் பெருமை.

ஆனால் அந்தப் பெருமை தானாக வந்துவிடுவதில்லை. பாடத்தை ஆயத்தம் செய்கிறவர் அதைக் கெடுக்காமலிருக்க வேண்டும். எப்படிக் கெடுக்கப்படுகிறது என்று பார்ப்போம். புத்தகத்தின் பக்கங்களைப் போட்டோப் பிடித்து பி.டி.எப். கோப்பாகக் கட்டி மாணவர்களுக்கு அனுப்புகிறார்கள். கண்ணுடையவருக்கு அது எழுத்தாகத் தோன்றுகிறது. இயந்திரத்திற்கோ அது வெறும் படம். படத்தை எப்படிப் படிப்பது? சாதனம் மௌனமாகிவிடுகிறது. படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் மென்பொருள்கள் இருக்கின்றன என்பது உண்மையே. ஆனால் நகலுக்கு நகலாக மங்கிப்போய், ஓரத்தில் பேனாக் கோடுகளுடன் சாய்ந்து கிடக்கும் பக்கத்தில் அவையும் தடுமாறுகின்றன. அட்டவணையில் எந்த எண் எந்தத் தலைப்புக்குரியது என்று குறிக்கப்படாவிட்டால், காதில் விழுவது எண்களின் குவியலேயன்றி விவரம் அல்ல. கணித சூத்திரத்தைப் படமாக ஒட்டிவிட்டால் கணக்கே காணாமற் போகிறது. வரைபடத்தில் சிவப்புக் கோடு இன்னது, பச்சைக் கோடு இன்னது என்று நிறத்தை மட்டும் நம்பி விளக்கினால், அவ்விரு நிறங்களையும் பிரித்தறிய முடியாதவருக்கு இரண்டும் ஒன்றே. இவை ஒவ்வொன்றும் அற்பமான குறைதான். எல்லாம் சேர்ந்தால் ஒரு மாணவரின் ஒரு வருஷப் படிப்பு பாழாகிறது.

தமிழில் படிப்பவருக்கு வேறொரு கஷ்டமும் சேர்ந்துகொள்கிறது. பாமினி முதலிய பழைய எழுத்துருக்களைக் கொண்டு தட்டெழுதிய பாடங்கள் இன்னமும் கலாசாலைகளில் புழங்கிவருகின்றன. இவற்றில் தமிழ் எழுத்து திரையில் தெரிவது ஒரு வேஷமேயாகும். உள்ளே சேமிக்கப்பட்டிருப்பவை ஆங்கில எழுத்துக்கள். 'தமிழ்' என்று கண்ணுக்குத் தெரியும் சொல், பாமினி எழுத்துருவில் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துக்களும் ஓர் அரைப்புள்ளியுமாகவே உள்ளே கிடக்கிறது. குரல் சாதனம் உள்ளே இருப்பதைத்தான் படிக்கும். ஆகவே சங்க இலக்கியத்தைப் பற்றிய கட்டுரையைத் திறந்த மாணவியின் காதில் அர்த்தமற்ற ஆங்கில எழுத்துக்களின் இரைச்சல் விழுகிறது. உலகப் பொதுக் குறியீடான யூனிகோடில் 1991-ம் வருஷத்து முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. தமிழ்நாடு சர்க்காரும் 2010-ல் யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டு உத்தரவு பிறப்பித்தது. அதற்குப் பின்னரும் பழைய கோப்பையே வருஷந்தோறும் தூசி தட்டி மாணவர் கையில் கொடுப்பது என்ன நியாயம்? தாய்மொழியில் உயர்தரக் கல்வி வேண்டும் என்று மேடைதோறும் முழங்குகிறோம். அந்தத் தாய்மொழியிலேயே படிக்கத் துணிந்த பார்வையற்ற மாணவருக்கு ஆங்கிலத்தில் படிப்பவருக்குக் கிடைக்கும் அளவுகூடப் பாடம் கிடைக்கவில்லையென்றால், நமது முழக்கத்துக்குப் பொருள் என்ன?

இனிச் சட்டத்தின் நிலைமையைக் கவனிப்போம். 2011-ம் வருஷத்து ஜனக்கணக்கின்படி நமது நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 2 கோடியே 68 லக்ஷம் பேர். 2016-ல் பார்லிமெண்ட் நிறைவேற்றி 2017 ஏப்ரல் 19-ந் தேதி அமலுக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 1995-ம் வருஷத்துச் சட்டத்தில் 7 ஆக இருந்த குறைபாட்டு வகைகளை 21 ஆக விரித்தது. அதன் 32-வது ஷரத்து, சர்க்கார் கலாசாலைகளும் சர்க்காரிடம் உதவித்தொகை பெறும் கலாசாலைகளும் குறைந்தபக்ஷம் 100-க்கு 5 இடங்களை ஒதுக்கிவைக்க வேண்டும் என்கிறது. 16-வது ஷரத்து, மாணவரின் தேவைக்கேற்ற வசதியைச் செய்து தர வேண்டியது கல்வி நிலையத்தின் பொறுப்பென்கிறது. 42-வது ஷரத்து, ஒலியிலும் அச்சிலும் மின்னணு சாதனங்களிலும் வரும் விஷயங்கள் யாவும் மாற்றுத்திறனாளிகள் அணுகக்கூடிய உருவில் இருப்பதற்கு வேண்டிய நடவடிக்கையை சர்க்கார் எடுக்க வேண்டும் என்கிறது. 2017 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் இந்த 5 சதவிகித ஒதுக்கீட்டை எல்லாக் கலாசாலைகளும் நிறைவேற்றியாக வேண்டுமென்று உத்தரவிட்டதுடன், வசதிகளைப் பற்றி ஆராயும்படி யூ.ஜி.சி. என்னும் சர்வகலாசாலை மானியக் குழுவையும் பணித்தது. மானியக் குழு 2022-ல் விரிவான வழிகாட்டி நெறிகளை வெளியிட்டது. 2025 ஏப்ரல் 30-ந் தேதி சுப்ரீம் கோர்ட் இன்னும் ஒரு படி மேலே சென்று, கம்ப்யூட்டர் வழிச் சேவைகளை அணுகும் உரிமை அரசியல் சாஸனத்தின் 21-வது ஷரத்து அளிக்கும் உயிர் வாழும் உரிமையின் அங்கமே என்று தீர்ப்பளித்தது.

இவ்வளவும் இருந்தும் பலன் ஏன் கிட்டவில்லை? சட்டத்திலேயே இரண்டு ஓட்டைகள் இருப்பதை நாம் சுட்டிக்காட்ட விரும்புகிறோம். முதலாவது, புத்தகங்களையும் மற்றப் படிப்புச் சாதனங்களையும் இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்று சொல்லும் 17-வது ஷரத்தின் பகுதி 18 வயது வரைக்குமே செல்லும். மாணவர் சர்வகலாசாலையின் வாசற்படியை மிதிப்பதோ ஏறக்குறைய அதே வயதில். பள்ளிக்கூடத்தில் கையைப் பிடித்து அழைத்து வந்த சட்டம், கலாசாலை வாசலில் கையை விட்டுவிடுகிறது. இரண்டாவது, நெறிகளைக் கட்டாயமாக்குவதில் நிர்வாகத்துக்குள்ள தயக்கம். சட்டம் விதிகளை வகுக்கச் சொன்னது. நிர்வாகம் பெரும்பாலும் யோசனைகளையே வகுத்தது. இந்தக் குறையை சுப்ரீம் கோர்ட் 2024 நவம்பர் 8-ந் தேதி தெளிவாக எடுத்துரைத்தது. 2017-ம் வருஷத்து விதிகளில் 15-வது விதி சட்டத்துக்கே முரணானது என்று கூறி, எவரும் தட்டிக்கழிக்க முடியாத குறைந்தபக்ஷத் தரங்களைக் கட்டாய விதிகளாக மூன்று மாதத்திற்குள் வகுக்குமாறு மத்திய சர்க்காருக்கு உத்தரவிட்டது. 'செய்யலாம்' என்பதற்கும் 'செய்ய வேண்டும்' என்பதற்கும் உள்ள தூரத்தில்தான் நமது மாணவர்கள் நின்றுகொண்டிருக்கிறார்கள் என்பதற்கு இத்தீர்ப்பைவிட வேறு சாட்சி வேண்டுவதில்லை.

கலாசாலை நிர்வாகிகள் கூறக்கூடிய சமாதானங்களையும் நாம் அலட்சியம் செய்யவில்லை. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

புத்தகங்களை வேறு உருவில் மாற்றிக்கொடுத்தால் காப்புரிமைச் சட்டம் குறுக்கே நிற்குமே என்பது ஒரு சமாதானம். இது செல்லாது. 1957-ம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டத்தை 2012-ல் திருத்தியபோதே, மாற்றுத்திறனாளிகளின் படிப்புக்காகவும் ஆராய்ச்சிக்காகவும் சொந்த உபயோகத்துக்காகவும் நூல்களை அவர்கள் அணுகக்கூடிய உருவில் மாற்றிக்கொடுப்பது குற்றமாகாது என்று தெளிவாக எழுதிவிட்டார்கள். இதே நோக்கத்துடன் 2013-ல் மராக்கேஷ் நகரில் சர்வதேச உடன்படிக்கை ஒன்று ஏற்பட்டது. 2014-ல் அதை உலகிலேயே முதன்முதலாக ஊர்ஜிதம் செய்த நாடு பாரதமே. முதலில் கையெழுத்தை உறுதி செய்த பெருமையை நாம் பெற்றோம். அதன் பயனை நமது மாணவர்களே கடைசியில் பெறுவது அழகாகுமா?

இத்தகைய மாணவர்கள் ஒரு வகுப்பில் ஒருவரோ இருவரோதானே, அவர்களுக்காக எல்லாப் பாடத்தையும் மாற்றுவதா என்பது மற்றொரு சமாதானம். இடங்கள் நிரம்பாததற்குக் காரணம் எதுவோ, அதையே இடங்களை நிரப்பாதிருப்பதற்கும் காரணமாகக் காட்டுவதாகும் இது. பாடம் கிடைக்காது என்று தெரிந்த கலாசாலைக்கு யார் வருவார்கள்? தவிரவும், ஒழுங்காகத் தலைப்புகள் அமைத்து எழுதிய பாடம் எல்லா மாணவருக்கும் தேடிப் படிக்க எளிது. விரிவுரைக்கு அடியில் ஓடும் எழுத்துக்கள் செவிப்புலன் இல்லாதவருக்கு மட்டுமன்று, கடைசி பெஞ்சில் இருப்பவருக்கும், ஆங்கிலப் பேச்சைப் பின்தொடரச் சிரமப்படும் கிராமத்து மாணவருக்கும் உதவும். சைக்கிள் நாற்காலிக்காகக் கட்டிய சாய்வுப் பாதையில் மூட்டை சுமப்பவரும் ஏறுகிறார் அல்லவா?

ஆசிரியர்களுக்கு ஏற்கனவே வேலைப் பளு அதிகம் என்பது மூன்றாவது சமாதானம். இதில் ஓரளவு உண்மை இருப்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் பழைய பாடங்களையெல்லாம் ஒரே நாளில் மாற்றும்படி யாரும் கேட்கவில்லை. புதிதாக எழுதும் பாடத்தை முதலிலேயே சரியாக எழுதுங்கள் என்றுதான் கேட்கிறோம். தலைப்பைத் தலைப்பாகக் குறிப்பதற்கும், படத்துக்கு இரண்டு வரி விளக்கம் சேர்ப்பதற்கும், காகித நகலைப் போட்டோப் பிடிப்பதற்குப் பதிலாகத் தட்டெழுதிய மூலக் கோப்பையே அனுப்புவதற்கும் பண்டிதத்தனம் ஒன்றும் தேவையில்லை, பழக்கம் போதும். கட்டடம் எழும்பிய பிறகு சுவரை இடித்து வாசல் வைப்பது செலவு. வரைபடத்திலேயே வாசல் வைப்பது செலவாகாது.

இன்று வழக்கத்திலிருக்கும் முறையோ இதற்கு நேர்மாறானது. மாணவர் முதலில் விண்ணப்பம் செய்ய வேண்டும். குறைபாட்டுக்கு அத்தாட்சி காட்ட வேண்டும். பிறகு யாராவது தொண்டர் அகப்பட்டுப் புத்தகத்தைத் தட்டெழுதித் தர வேண்டும். மாற்றிய புத்தகம் கைக்கு வருவதற்குள் பரீக்ஷை முடிந்துவிட்டால் அதனால் யாருக்கு லாபம்? தொண்டர்களின் நல்லெண்ணத்தை நாம் வணங்குகிறோம். ஆனால் ஒரு பிரஜையின் படிப்பு பிறருடைய இரக்கத்தின் மேல் நிற்கலாகாது. அவர் கேட்பது தர்மம் அன்று. கட்டணம் செலுத்திச் சேர்ந்த மற்ற மாணவருக்குக் கிடைக்கும் அதே பாடம், அதே நாளில்.

அந்நிய நாட்டு அனுபவத்திலிருந்து நாம் கற்கவேண்டியதும் தவிர்க்கவேண்டியதும் உண்டு. அமெரிக்காவில் ஹார்வர்டு சர்வகலாசாலை மீதும் எம்.ஐ.டி. மீதும், விரிவுரைப் பதிவுகளில் எழுத்து விளக்கம் இல்லையென்று செவிப்புலன் அற்றோர் தேசீய சங்கம் 2015-ல் வழக்குத் தொடர்ந்தது. 2019-லும் 2020-லும் முறையே இரு ஸ்தாபனங்களும் ராஜியாகி, எழுத்து விளக்கம் தருவதாக ஒப்புக்கொண்டன. இது கற்கவேண்டிய பாடம். கலிபோர்னியாவின் பெர்க்லி சர்வகலாசாலையில் நடந்ததோ வேறு. உலகத்துக்கு இலவசமாக வழங்கிவந்த விரிவுரைகள் மாற்றுத்திறனாளிகள் அணுகும்படி இல்லை என்று நீதி இலாகா 2016-ல் கண்டறிந்து கூறியது. அச்சர்வகலாசாலை 2017-ல் 20,000-க்கு மேற்பட்ட பதிவுகளைப் பொதுஜனப் பார்வையிலிருந்தே அகற்றிவிட்டது. ஒருவருக்குப் பரிமாற முடியவில்லை என்று பந்தியையே கலைத்த கதை இது. பின்னர் 2022-ல் நீதி இலாகாவுடன் உடன்படிக்கை செய்துகொண்டு குறைகளைத் தீர்க்க முன்வந்தது. சேர்த்துவைத்த பாடங்கள் மலையாகக் குவிந்த பிறகு திருத்தப் புகுந்தால் இத்தகைய சங்கடம் நேரும். நமது கலாசாலைகளில் கம்ப்யூட்டர் வழிப் பாடங்கள் நாளுக்கு நாள் பெருகிவருகின்றன. மலை இன்னும் உயர்வதற்கு முன் விழித்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

ஆகவே நிர்வாகிகள் முன் சில யோசனைகளை வைக்கிறோம். முதலாவது, வரும் பருவத்திலிருந்து எந்தப் புதுப் பாடமும் யூனிகோட் எழுத்திலன்றி வேறு எந்த எழுத்துருவிலும் ஏற்கப்படலாகாது; படமாக எடுத்த பக்கம் பாடமாகக் கருதப்படலாகாது. இரண்டாவது, பாடத்துக்குரிய நூல்களின் பட்டியலைப் பருவம் தொடங்குவதற்கு இரண்டு மாதம் முன்னதாகவே வெளியிட வேண்டும். அப்பொழுதுதான் மாற்றவேண்டிய நூல்களை மாற்ற அவகாசம் இருக்கும். மூன்றாவது, ஒவ்வொரு சர்வகலாசாலைப் புத்தகசாலையிலும் சம்பளம் பெறும் சிலரைக் கொண்ட ஒரு பிரிவு இதற்கென்றே இருக்க வேண்டும். ஒரு கலாசாலையில் மாற்றிய புத்தகத்தை மற்றொரு கலாசாலை மறுபடியும் மாற்றி வீண் உழைப்புச் செய்யாதபடி, 2016-ல் தொடங்கிய சுகம்ய புஸ்தகாலயம் போன்ற பொது நிலையத்தில் அதைச் சேர்க்க வேண்டும். நான்காவது, பாடம் நடத்தவும் பரீக்ஷை வைக்கவும் மென்பொருள் வாங்கும்போது, ஐ.எஸ். 17802 என்னும் இந்தியத் தரத்துக்கு அது பொருந்துகிறதா என்று பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும். விற்பவரின் வார்த்தையை நம்பாமல், மாற்றுத்திறனாளி மாணவர்களையே கொண்டு சோதித்துப் பார்ப்பது உத்தமம். ஐந்தாவது, விரிவுரைப் பதிவுகளுக்கு இயந்திரம் தானாக எழுதும் விளக்கத்தைப் பாடம் தெரிந்த ஒருவர் திருத்திய பிறகே வெளியிட வேண்டும்.

சர்க்காருக்கும் ஒரு வார்த்தை. 18 வயது என்ற எல்லையை உயர்தரக் கல்வியைப் பொறுத்தமட்டிலாவது நீக்குவதற்குச் சட்டத்தைத் திருத்த வேண்டும். இச்சட்டத்தை முதல் தடவை மீறுவோருக்கு 10,000 ரூபாய் வரையிலும், மறுபடி மீறினால் 50,000 ரூபாய் முதல் 5 லக்ஷம் ரூபாய் வரையிலும் அபராதம் என்று 89-வது ஷரத்து கூறுகிறது. அபராதம் வசூலிப்பதில் நமக்கு ஆனந்தம் இல்லை. ஆனால் மானியம் கொடுக்கும்போது, 'உமது கலாசாலையில் எத்தனை பாடங்கள் எல்லோரும் படிக்கும்படி இருக்கின்றன?' என்று கேட்கும் அதிகாரம் மானியம் கொடுப்பவருக்கு நிச்சயமாக உண்டு. அந்தக் கேள்வியை வருஷந்தோறும் கேட்டு, பதிலைப் பகிரங்கமாக வெளியிட்டால் போதும். அபராதத்தால் ஆகாதது அவமானத்தால் ஆகும்.

எந்தக் கலாசாலையும் இதைப் பெரிய திட்டமென்று எண்ணி மலைக்க வேண்டியதில்லை. துணைவேந்தர் ஒருவர் தமது கலாசாலையில் நடக்கும் ஒரே ஒரு பாடப்பிரிவின் கோப்புகளை எடுத்து, திரையை அணைத்துவிட்டு, குரல் சாதனத்தைக் கொண்டு ஒரு மணி நேரம் கேட்டுப் பார்க்கட்டும். எது பேசுகிறது, எது மௌனமாயிருக்கிறது என்பது அவருக்கே விளங்கிவிடும். அதன் பிறகு செய்யவேண்டியது என்னவென்று எந்தக் கமிட்டியும் அவருக்குச் சொல்ல வேண்டியிராது. இடம் கொடுத்தாகிவிட்டது, இனிப் பாடத்தைக் கொடுக்கட்டும்.